பொட்டாஷைப் பிரித்துப் போட்டேன், ரப்பர் இலை தேறியது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் முதிர்ந்த இலைகளின் ஓரமும் நுனியும் மஞ்சளாகிக் கருகின. பூஞ்சை என்று நினைத்து மருந்தடித்தேன், பலனில்லை. மண் பரிசோதனையில்தான் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு என்று தெரிந்தது. அந்தச் சத்தைத் தரும் பொட்டாஷ் உரத்தை ஆண்டுதோறும் போட்டேனே! ஆனால் போட்டது ஒரே தவணையாக, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்பு. எங்களுடையது சரளை கலந்த புளிப்புச் செம்மண். பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் திறன் அதிலுள்ள களிமண்ணுக்குக் குறைவு. இங்கோ இரண்டு பருவமழை. வேருக்குக் கிட்டும் முன்பே சத்து கரைந்து இறங்கிவிடுகிறது.

இப்போது அதே அளவில் பாதியைக் கோடை மழையில் மண் நனைந்ததும், மீதியைத் தென்மேற்குப் பருவமழை தணிந்ததும் தூவுகிறேன். மரத்தடியில் குவிப்பதில்லை, வரிசைகளுக்கு நடுவேதான் உறிஞ்சும் வேர்கள் பரவியிருக்கின்றன. அளவைக் கூட்டவில்லை: பொட்டாஷ் மிகுந்தால் மரம் மக்னீசியம் எடுப்பது தடைபடும். இரண்டாம் ஆண்டில் இலைகள் கருகாமல் முதிர்ந்தன.