அமுக்கரா சூரணத்தை எலியிடம் சோதிக்கும்போது

எம்.பார்ம் புராஜெக்டுக்கு அமுக்கரா சூரணம் பதற்றத்தைக் குறைக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்கள் என்றால், எலியை அப்புறம் பார்க்கலாம், முதலில் சூரணத்தைப் பாருங்கள். சித்த மருத்துவத்தில் அது வெறும் அமுக்கரா (அஸ்வகந்தா) வேர்ப்பொடி இல்லை. கிராம்பு, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு, சர்க்கரை எல்லாம் சேர்ந்தது. வேரை மட்டும் மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து ஊட்டிவிட்டு, பாரம்பரிய மருந்தைச் சோதித்ததாக எழுதாதீர்கள். எந்த வைத்தியர் மெத்தனாலில் ஊறவைத்துக் கொடுத்தார்? மக்கள் சாப்பிடும் அதே பொடியை 0.5% சிஎம்சி (பொடி அடியில் தங்காமல் மிதக்க வைக்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் கலக்கிக் கொடுங்கள்.

டோஸையும் மனிதர் சாப்பிடும் அளவிலிருந்தே கணக்கிடலாம். 60 கிலோ ஆள் நாளைக்கு 2 கிராம் சாப்பிடுகிறார் என்று வையுங்கள், கிலோவுக்கு 33 மி.கி.; எலிக்கு அதை, உடல் பரப்பை வைத்துக் கணக்கிட்ட 6.2 என்ற எண்ணால் பெருக்கினால் கிலோவுக்குச் சுமார் 200 மி.கி. வரும் (சுண்டெலி என்றால் 12.3-ஆல் பெருக்க வேண்டும்). அதனால் 100, 200, 400 என்று மூன்று குழு, வெறும் சிஎம்சி குடிக்கும் குழு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க, பதற்றத்தைக் குறைக்கும் மருந்தான டயசிபாம் குழு ஒன்று. டயசிபாமை ஊசியில் போடுவதாக இருந்தால் மற்ற எலிகளுக்கும் மருந்தில்லாத ஊசி போட வேண்டும், ஏனென்றால் ஊசி குத்துவதே ஒரு பதற்றம்தானே. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வராமல் எதையும் தொடங்காதீர்கள்.

அடுத்து, பலரும் கோட்டைவிடும் இடம். எலி வந்ததும் ஒரு வாரம் தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். பழகாத எலிக்குத் தொண்டைவழி குழாய் விட்டால் அந்தப் பயமே முடிவைத் தின்றுவிடும், மருந்து பாவம் என்ன செய்யும்?

சோதனைக்குக் கூட்டல் குறி வடிவ மேடை (பிளஸ் மேஸ்) போதும்: தரையிலிருந்து 50 செ.மீ. உயரம், நான்கு கைகள், ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், எதிரெதிரான இரண்டுக்கு மட்டும் 40 செ.மீ. சுவர். எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் வீடியோ எடுங்கள். பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும், பயம் குறைந்தது திறந்த கைக்கு வந்து எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு எலிக்குப் பிறகும் ஆல்கஹால் போட்டுத் துடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முந்தைய எலியின் வாசனையைத்தான் அளப்பீர்கள். ஒரு எலியை ஒரே ஒரு முறைதான் ஏற்றலாம். ஏற்கெனவே ஏறிப் பழகிய எலியிடம் டயசிபாம்கூடப் பெரிதாக வேலை செய்யாது.

வீடியோவை எண்ணுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. சுவருள்ள கைகளுக்குள் எத்தனை முறை போனது என்பதையும் எண்ணச் சொல்லுங்கள். அது சரிந்திருந்தால் எலி அமைதியாகவில்லை, தூக்கம் சொக்குகிறது, அவ்வளவுதான்.