ஆங்கிலத்தில் ஏக்கத்தையும் வருத்தத்தையும் சொல்வது எப்படி?

"சொந்த வீடு இருந்தால் நன்றாக இருக்கும்", "அன்றைக்கே சொல்லியிருக்கலாம்", "அவசரப்பட்டிருக்கக் கூடாது" என்றெல்லாம் தமிழில் யோசிக்காமலே சொல்லிவிடுகிற நாம், அவற்றையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் தடுமாறுகிறோம். 'விஷ்' என்ற வினைச்சொல்லுக்குப் பின்னால், இன்றைய நிலையைச் சொல்ல இறந்தகால வடிவமும், நேற்று நடந்ததைச் சொல்ல அதற்கும் முந்தைய 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' வடிவமும் வருவது புதிராகத் தோன்றுவதே இதற்கு முதன்மையான காரணம். உண்மையில் இதே வழக்கம் தமிழிலும் இருக்கிறது. பழகிப்போனதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

"நாளை மழை வந்தால் போட்டி நடக்காது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பேச்சு நாளையைப் பற்றியது என்றாலும், 'வந்தால்' என்பது 'வந்தான்', 'வந்தது' ஆகியவற்றில் உள்ள அதே இறந்தகால அடியிலிருந்து பிறந்த சொல். போனால், இருந்தால், படித்தால் ஆகியவையும் அப்படித்தான். அந்த இறந்தகால அடி அங்கே காலத்தைக் காட்டவில்லை; சொல்லப்படுவது இன்னும் நடப்பாக இல்லை என்பதையே காட்டுகிறது. 'விஷ்' வாக்கியத்தில் வரும் இறந்தகாலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'இருந்தால்' என்று தமிழில் வரும் இடத்தில் சாதாரண இறந்தகாலம், 'இருந்திருந்தால்' என்று வரும் இடத்தில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று பொருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு ஒரு நடைமுறை வழி உண்டு. முதலில் உண்மை நிலையை எளிய ஆங்கில வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அது எதிர்மறையாக இருந்தால் உடன்பாடாகவும், உடன்பாடாக இருந்தால் எதிர்மறையாகவும் மாற்றுங்கள். கடைசியாகக் காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளுங்கள். அவருடைய முகவரி எனக்குத் தெரியாது என்பது உண்மை நிலை: 'ஐ டோன்ட் நோ ஹிஸ் அட்ரஸ்'. இது 'ஐ விஷ் ஐ நியூ ஹிஸ் அட்ரஸ்' என்று மாறும். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்பது உண்மை நிலையானால், 'ஐ டோல்ட் ஹிம் எவ்ரிதிங்' என்பது 'ஐ விஷ் ஐ ஹேட்ன்ட் டோல்ட் ஹிம் எவ்ரிதிங்' ஆகிவிடும். 'ஹேட்' என்பதற்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்தான் வர வேண்டும். எனவே 'ஹேட் வென்ட்' அல்ல, 'ஹேட் கான்'. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இரண்டாவது வகையில்தான். நேற்று சொன்னதற்கு வருந்தி 'ஐ விஷ் ஐ டிட்ன்ட் டெல் ஹிம் எவ்ரிதிங்' என்றால், இப்போதும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லும் பழக்கம் எனக்கு இருக்கிறது, அது இல்லாதிருந்தால் நல்லது என்ற பொருள் வந்துவிடும்.

உண்மை நிலையில் 'இஸ்', 'ஆம்', 'ஆர்' ஆகியவற்றில் எது இருந்தாலும், 'விஷ்' வாக்கியத்தில் அதை 'வேர்' என்று மாற்றுவதே இலக்கண நூல்கள் பரிந்துரைக்கும் வழி: 'ஐ விஷ் ஐ வேர் டாலர் (taller)', நான் இன்னும் உயரமாக இருந்தால் நன்றாக இருக்கும். பேச்சில் 'ஐ வாஸ்' என்பதும் பரவலாகக் கேட்கிறது. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'வேர்' எழுதுவதே பாதுகாப்பு. 'விஷ்' என்பதற்குப் பதில் 'இஃப் ஒன்லி' என்று தொடங்கினாலும் இதே விதிகள்தான். ஏக்கத்தின் அழுத்தம் மட்டும் கூடும்.

தமிழ் நமக்கு உதவாத ஓர் இடமும் உண்டு. "நீங்கள் நாளை வந்தால் நன்றாக இருக்கும்" என்பதை, வரக்கூடியவரிடமும் சொல்லலாம், வர இயலாதவரை நினைத்தும் சொல்லலாம். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்துவிடும். நடக்க வாய்ப்பிருக்கிறது என்றால் 'ஹோப்'. நடக்காது, அல்லது நடப்பது அரிது என்றால் 'விஷ்'. 'ஐ ஹோப் யூ கேன் கம் டுமாரோ' என்பது எதிர்பார்ப்பு. 'ஐ விஷ் யூ குட் கம் டுமாரோ' என்பது, அவர் வர மாட்டார் என்று தெரிந்த பின் சொல்லும் ஏக்கம். 'ஐ விஷ் யூ வில் கம்' என்று நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் கலவை இரண்டிலும் சேராது. வாழ்த்துவது வேறு கணக்கு: 'ஐ விஷ் யூ எ ஹேப்பி நியூ இயர்' என்பதில் பெயர்ச்சொல் வருவதால் காலச் சிக்கலே எழாது.

பிறருடைய நடத்தையால் எரிச்சல் அடைந்து, அது மாற வேண்டும் என்று விரும்பினால் 'வுட்' பயன்படும். பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி அலறுகிறது என்றால் 'ஐ விஷ் தே வுட் டர்ன் இட் டவுன்' என்று சொல்லலாம். மழையைப் பற்றியும் 'ஐ விஷ் இட் வுட் ஸ்டாப் ரெயினிங்' என்று சலித்துக்கொள்ளலாம். ஆனால் தன்னைப் பற்றியே 'ஐ விஷ் ஐ வுட்' என்று சொல்வதில்லை. அங்கே 'குட்' வரும்: 'ஐ விஷ் ஐ குட் ஸ்விம்'. 'நோ', 'ஹேவ்' போன்று செயலைக் குறிக்காமல் நிலையைக் குறிக்கும் வினைகளோடும் 'வுட்' பொருந்தாது.

இனி 'ஷுட் ஹேவ்'. எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான், ஏனெனில் நம்முடைய '-இருக்கலாம்' பல வேலைகளைச் செய்கிறது. "ராத்திரி மழை பெய்திருக்கலாம்" என்பது ஊகம். ஆங்கிலத்தில் 'மே ஹேவ்' அல்லது 'மைட் ஹேவ்'. "பேருந்திலேயே போயிருக்கலாம், வீணாக ஆட்டோவுக்குக் கொடுத்தோம்" என்பது கைவிட்ட வாய்ப்பு. அது 'குட் ஹேவ்'. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று குறைப்பட்டுக்கொண்டால் 'குட் ஹேவ்' மென்மையாகவும் 'ஷுட் ஹேவ்' கண்டிப்பாகவும் ஒலிக்கும். '-இருக்க வேண்டும்' என்பதிலும் இதே இரட்டை நிலை. "அவர் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்" என்பது உறுதியான ஊகம் என்றால் 'மஸ்ட் ஹேவ்'. "முன்பே கிளம்பியிருக்க வேண்டும்" என்பது வருத்தம், ஆகவே 'ஷுட் ஹேவ்'. தமிழ் வாக்கியத்தின் வினைமுற்றை மட்டும் பார்த்து மொழிபெயர்க்காமல், பேசுபவர் ஊகிக்கிறாரா வருந்துகிறாரா என்று கேட்டுக்கொள்வதே வழி.

ரயிலைத் தவறவிட்டவரின் நிலையை எடுத்துக்கொள்வோம். நடந்ததை நினைத்து அவர் 'ஐ விஷ் ஐ ஹேட்ன்ட் மிஸ்ட் த டிரெயின்' என்பார். தன் தவறைச் சுட்டும்போது 'ஐ ஷுட் ஹேவ் லெஃப்ட் எர்லியர்' என்பார். காரணத்தையும் விளைவையும் இணைத்தால் 'இஃப் ஐ ஹேட் லெஃப்ட் எர்லியர், ஐ வுட்ன்ட் ஹேவ் மிஸ்ட் த டிரெயின்' என்று வரும். 'இஃப்' பகுதியில் 'வுட் ஹேவ்' சேர்ப்பதைப் பேச்சில், குறிப்பாக அமெரிக்கப் பேச்சில், கேட்கலாம். எழுத்தில் அதைத் தவிருங்கள். விரைவான பேச்சில் 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்' என்று தேய்ந்து ஒலிப்பதால், அதை 'ஷுட் ஆஃப்' என்று எழுதிவிடுபவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் உண்டு. அந்தப் பிழையை நாமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக 'ரிக்ரெட்'. இதன் பின்னால் 'இங்' சேர்ந்த வினை வந்தால், முடிந்துபோன செயலுக்காக வருந்துவதாகப் பொருள்: 'ஐ ரிக்ரெட் செல்லிங் த லேண்ட்', நிலத்தை விற்றுவிட்டேனே என்ற வருத்தம். 'டு' வந்தால், இனிமேல் சொல்லப்போகும் கெட்ட செய்திக்கான முன்னுரை: 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று தொடங்கும் கடிதத்தில் மகிழ்ச்சியான செய்தி இருக்காது. நம் ரயில் நிலையங்களில் வண்டி தாமதமாகும்போதெல்லாம் 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்று அறிவிப்பார்கள். யார் வருந்துகிறார் என்றே சொல்லாத செயப்பாட்டு வாக்கியம் அது. அலுவலக அறிக்கைக்கு அந்த நடை பொருந்தும். காக்க வைத்த நண்பரிடம் அப்படிச் சொன்னால் கேலியாகிவிடும் என்பதால், அவரிடம் 'ஐ ஆம் சாரி ஐ கெப்ட் யூ வெயிட்டிங்' என்றே சொல்லுங்கள்.