வேக்குவம் இன்ஃபியூஷனில் ரெசின் பாதியில் நிற்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சில் அடுக்கிய உலர்ந்த இழைத் துணியைக் காற்றுப் புகாத பையால் மூடி, பம்பால் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தின் மூலம் ரெசின் என்னும் இறுகும் திரவப் பிசினைத் துணிக்குள் இழுப்பதே வேக்குவம் இன்ஃபியூஷன். இப்படிச் செய்யும் கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைப் பாகத்தின் ஒரு மூலையை எட்டாமலே ரெசின் நின்றுவிட்டால், பலரும் முதலில் ரெசினின் தரத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் ரெசினைக் கலப்பதற்கு முன்பே, பையை ஒட்டும்போதும் குழாய்களைப் பதிக்கும்போதும் உருவாகிவிடுகிறது.

பம்ப் ஓடும்போது கேஜ் காட்டும் வெற்றிட அளவை மட்டும் நம்பி ரெசினைத் திறந்துவிடுவது மிகவும் பரவலான தவறு. சிறு கசிவை ஓடும் பம்ப் ஈடுகட்டி மறைத்துவிடும். ஆகவே பம்புக்குச் செல்லும் குழாயை இறுக்கி அடைத்து, கேஜின் முள் 15 நிமிடமாவது அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும். பையின் ஓரத்தை அச்சோடு ஒட்டும் சீலண்ட் டேப்பின் மேல் ஒற்றை இழை குறுக்கே கிடந்தாலும் அதை ஒட்டிக் காற்று நுழையும் என்பதால், பையின் மடிப்புகளை விரலால் அழுத்திச் சோதிப்பது அவசியம்.

அடுத்த தவறு, தொடக்க வேகத்தைக் கண்டு ஏமாறுவது. ரெசின் நேர்க்கோட்டில் பரவும்போது தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். முதல் 50 செ.மீ.க்கு 5 நிமிடம் பிடித்தால், ஒரு மீட்டரை எட்ட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதற்குள் ரெசின் கெட்டியாகிவிடக்கூடும். இதற்குத் தீர்வு கூடுதல் ரெசின் குழாயும் ரெசினை வேகமாகப் பரப்பும் வலையான ஃப்ளோ மெஷ்ஷைச் சரியாகத் தேர்வதும்தான். அசிட்டோன் கலந்து இளக்குவது வெற்றிடத்தில் குமிழிகளை உண்டாக்கிப் பாகத்தையே பலவீனப்படுத்தும் என்பதால், அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

துணியின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் ரெசின் அதன் வழியே முந்தி ஓடி, நடுவில் உலர்ந்த திட்டைச் சூழ்ந்துகொள்ளும். மெஷ்ஷை வெற்றிடக் குழாய் வரை நீட்டினாலும் ரெசின் மேற்பரப்பிலேயே ஓடி வெளியேறிவிடும். சில சென்டிமீட்டர் முன்பே மெஷ்ஷை நிறுத்த வேண்டும்.

திட்டு உருவாகிவிட்டால் பதறிப் பையைக் குத்துவதோ ரெசின் குழாயை உடனே அடைப்பதோ கூடாது. வெற்றிடம் நன்றாக இருந்தால், ரெசின் திரவமாக உள்ள வரை திட்டு மெல்லச் சுருங்கும்; சுருங்காவிட்டால் கசிவைத் தேட வேண்டும். ரெசின் வாளி காலியாகிக் காற்றை உறிஞ்சாமலும் கவனிக்க வேண்டும். இறுகிய பின்னும் எஞ்சும் உலர்ந்த பகுதியை, சுமை தாங்கும் பாகமாயின், தேய்த்து அகற்றிவிட்டுப் புதிய அடுக்குகளை இட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். துளையிட்டு ரெசினைச் செலுத்துவது அங்கே போதாது.