மழைக்கு முன் வெளிப்புற பிளக் பாயின்ட்டுக்கு மூடி

ஐப்பசி மழைக்கு முன் போர்ட்டிகோ, மொட்டை மாடி பிளக் பாயின்ட்டுகளுக்கு நீர்புகா மூடி போட்டுவிடுங்கள். கடையில் 'ஐபி55' அல்லது அதற்கு மேல் என்று கேளுங்கள். முதல் 5 தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். ஆனால் பல மூடிகளுக்கு அந்தத் தரம் இறுக மூடியிருக்கும்போது மட்டும்தான். சீரியல் விளக்கு, மோட்டார் என்று எப்போதும் ஏதாவது செருகியிருக்கும் இடமென்றால், பிளக்கோடு சேர்த்து மூடக்கூடிய ஆழமான மூடியாக வாங்குங்கள். விலை கூடுதல்தான், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டெஸ்டர் எரிகிறதா என்று மின்சாரம் உள்ள பாயின்ட்டில் பார்த்துக்கொண்டு, மெயினை அணைத்து, வேலை செய்யப்போகும் பாயின்ட்டை மறுபடி சோதியுங்கள். பிறகே திருகைத் தொடுங்கள்.

ரப்பர் கேஸ்கெட் சுருங்காமல் சுவரோடு படிய வேண்டும். சொரசொரப்பான சுவரில் அது முழுசாகப் படியாது. மேலேயும் இரு பக்கமும் சிலிக்கான் சீலன்ட் பூசுங்கள். கீழ்ப்பக்கம் பூசவே கூடாது! எப்படியோ உள்ளே போகும் நீரும் வியர்த்துச் சேரும் ஈரமும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஒயரும் கீழிருந்தே நுழையட்டும், சற்றுத் தொங்கி மேலேறினால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

மூடி மழையைத்தான் தடுக்கும், ஷாக்கை அல்ல. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும்; அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். உள்ளே ஒயர் பச்சை பூத்திருந்தாலோ கருகியிருந்தாலோ அங்கேயே நிறுத்தி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.