அழவில்லை என்பதால் பொய்யா?

சாட்சியங்களைக் குறியியல் வழியில், அதாவது எந்த அடையாளம் எதை உணர்த்துகிறது என்று ஆராயும் வழியில், வாசிக்கப் பழகும் எட்டு இளைஞர்களிடம் லிண்டி சேம்பர்லெயின் வழக்கைக் கொடுத்திருந்தேன். 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் உலூரு பாறைக்கு அருகே போட்ட கூடாரத்திலிருந்து ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச் சென்றதாகச் சொன்ன தாய் அவர். ஆறு பேரின் தாளில் முதல் வரி ஒன்றே: “அவர் அழவில்லை.” நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதியவன்தான். சாட்சியை வாசிப்பவர்கள் செய்யும் பெரிய தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்; தேதிக் குழப்பம் போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

பிழையைப் பொய் என்பது

பார்த்த பொருளின் நிறத்தை மாற்றிச் சொன்ன சாட்சிக்கு நினைவு தவறியிருக்கலாம். தெரிந்தே சொன்னால்தான் பொய்.

முகத்தைக் கூண்டில் ஏற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். லிண்டி தொலைக்காட்சிப் பேட்டிகளில் நிதானமாகப் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கதற வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த நிதானமே குற்றமாகத் தெரிந்தது. புகை நெருப்பிலிருந்து எழுவதைப்போல அழுகை துயரத்திலிருந்து தானாக எழுவதில்லை; எங்கே, யார் முன், எவ்வளவு அழலாம் என்பதை ஊரும் சபையும் கற்றுக்கொடுக்கின்றன. லிண்டியின் கணவர் ஏழாம்நாள் அட்வெண்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவச் சபையின் போதகர். இழப்பை இறைச்சித்தமாக ஏற்பது அவர்கள் பழகிய நெறி. நம் இலக்கணம் மெய்ப்பாடுகளை, அதாவது உணர்ச்சி உடலில் வெளிப்படும் விதங்களை, வகுத்தது கூத்தும் கவிதையும் சுவைப்பதற்கு. சாட்சியை எடைபோடுவதற்கு அல்ல.

1982 அக்டோபர் 29 அன்று டார்வின் நீதிமன்றத்தில் ஜூரிகள் லிண்டியைக் கொலைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

என் கதை சிறியது, ஆனால் வெட்கக்கேடானது. ஒரு வழக்கில் ஒடியா பேசும் தொழிலாளி சாட்சி சொன்னார். நான் பின்வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து அவருடைய மௌனங்களை விநாடிக் கணக்கில் குறித்தேன். ‘கொட்டகை’ பற்றிக் கேட்டபோதெல்லாம் நீண்ட மௌனம். பொய் சொல்கிறார் என்று பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வழக்கறிஞர் அதை நம்பிக் குறுக்கு விசாரணையில் அரைநாள் செலவழித்தார். கடைசியில் நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கேட்டார். கொட்டகைக்கு ஒடியாச் சொல் தெரியாமல் அவர்தான் ஒவ்வொரு முறையும் திணறியிருக்கிறார். நான் அளந்தது மொழிபெயர்ப்பாளரின் மௌனத்தை. அதன் பிறகு அந்த வழக்கறிஞர் என்னை அழைக்கவே இல்லை.

உலூருவில் குறியைச் சரியாகப் படித்தவர்கள் பூர்வகுடித் தடம் பார்ப்போர். அவர்கள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. மணலில் டிங்கோவின் கால்தடத்தைப் பார்த்தார்கள்.

பெயரில் சாட்சி தேடுவது

‘அசாரியா’ என்றால் ‘பாலைவனப் பலி’ என்று வதந்தி பரவியது. பெயரின் பொருள் ‘கடவுள் உதவினார்’.

ஆய்வக அறிக்கையை வாசிக்காமல் நம்புவது

சேம்பர்லெயின் குடும்பத்தின் காருக்குள் தெளித்திருந்த கறையைக் குழந்தையின் ரத்தம் என்றார் நிபுணர். அது கார் தயாரானபோதே அடிக்கப்பட்ட ஒலித்தடுப்புப் பூச்சு என்பது பிறகு தெரியவந்தது. கறைக்குப் பொருள் தருவதும் ஒருவரின் வாசிப்புதான்.

மூன்றாம் கட்டத்தை மறப்பது

குறியியல் அறிஞர் கிரேமாஸ் வகுத்த சதுரத்தில் இருப்பும் தோற்றமும் கூடினால் உண்மை. இல்லாதது தோன்றினால் பொய். இருப்பது தோன்றாவிட்டால் இரகசியம். குழந்தை மேலே ஒரு சிறு பின்னல் சட்டை அணிந்திருந்தது என்று லிண்டி தொடக்கத்திலிருந்தே சொன்னார். மற்ற உடைகள் ஒரு வாரத்தில் கிடைத்தன, அது மட்டும் கிடைக்கவில்லை. அப்படியொரு சட்டையே இல்லை என்றது அரசுத் தரப்பு. 1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒருவரின் உடலைத் தேடியவர்கள் டிங்கோ வளைகள் உள்ள பகுதியில் அதைக் கண்டெடுத்தார்கள். சில நாட்களில் லிண்டி விடுதலையானார். 1988இல் தீர்ப்பு ரத்தானது. குழந்தையைக் கொன்றது டிங்கோ என்று மரண விசாரணை அதிகாரி முடிவாக எழுதியபோது ஆண்டு 2012.

எட்டுத் தாள்களிலும் ‘இரகசியம்’ என்ற அந்த மூன்றாம் கட்டம் காலியாகவே இருந்தது.