நிரல் எழுதக் கற்கும்போது உதவி கேட்பதில் நடக்கும் தவறுகள்

“என் புரோகிராம் வேலை செய்யவில்லை. என்ன தப்பு என்று பார்த்துச் சொல்ல முடியுமா?” புதிதாக நிரல் எழுதப் பழகுகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. திரை அவர் கண்முன் இருக்கிறது, என்ன விடை வர வேண்டும் என்பது அவர் மனதில் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவரிடம் இரண்டுமே இல்லை. எந்த மொழி, என்ன எரர், எந்த வரி என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

சரியாகக் கேட்பது உதவுகிறவரின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதில் முதல் லாபம் கேட்பவருக்கே. ஒரு கேள்வியை ஒழுங்காகத் தயார் செய்யும்போது என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, எந்த இடத்தில் வழி மாறுகிறது என்று பார்க்கிறோம். பிழையைத் தேடிப் பிடிக்கும்போதும் இதையேதான் செய்கிறோம். கேள்வியை அவசரமாக வீசுகிறவர் இந்தப் பயிற்சியைத் தவற விடுகிறார்.

பிரச்சினையை விட்டுவிட்டு, தான் யோசித்த வழியை மட்டும் கேட்பது

இருப்பதிலேயே அதிக நேரத்தை வீணாக்கும் தவறு இது என்பேன். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு சின்ன நிரல். இரண்டு பாடங்களின் மதிப்பெண்களை வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். 40, 35 என்று கொடுத்தால் 75 வர வேண்டும், ஆனால் 4035 வருகிறது. எரர் எதுவும் இல்லை. எழுதியவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருகிறார்: இரண்டு எண்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன, பிரித்துக் கூட்டினால் சரியாகிவிடும். அப்புறம் தெரிந்த ஒருவரிடம் போய், “அக்கா, நாலு இலக்க எண்ணை ரெண்டு ரெண்டு இலக்கமா எப்படிப் பிரிக்கிறது?” என்று கேட்கிறார். அந்த அக்காவுக்கு மதிப்பெண் கதை தெரியாது. கேட்டதற்கு நேர்மையாக வழி சொல்லிக் கொடுக்கிறார். முதல் இரண்டு, கடைசி இரண்டு, கூட்டினால் 75. கேட்டவருக்கு மகிழ்ச்சி.

ஒரு பாடத்தில் 100 வாங்கிய மாணவர் வரும்வரைதான் அந்த மகிழ்ச்சி. 100, 35 கொடுத்தால் 10035 ஆகிறது; முதல் இரண்டும் கடைசி இரண்டும் எடுத்தால் 10, 35. மொத்தம் 45 என்று திரை சொல்கிறது. 9, 35 கொடுத்தால் இன்னும் மோசம்: 128 வரும்.

இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பைத்தான் 3-இல், நாம் தட்டுவதை வாங்கித் தரும் இன்புட் ஃபங்ஷன் எதை வாங்கினாலும் எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகத்தான் (வெறும் எழுத்துகளின் வரிசையாக) கொடுக்கும். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். வாங்கிய உடனே முழு எண்ணாக மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. “மதிப்பெண்களைக் கூட்டப் பார்க்கிறேன், 75-க்குப் பதில் 4035 வருகிறது” என்று கேட்டிருந்தால் அந்த அக்கா ஒரே வரியில் இதைச் சொல்லியிருப்பார்.

நீங்கள் யோசித்த வழியைச் சொல்லவே கூடாது என்பதில்லை, தாராளமாகச் சொல்லலாம். முதலில் கடைசியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். அதற்காக எதை முயன்றீர்கள் என்பது இரண்டாவதாக வரட்டும்.

எரர் செய்தியைப் படிக்காமலே ஓடிவருவது

சிவப்பு எழுத்தில் பத்து வரி வந்தவுடன் பதற்றம் வருவது இயல்பு. ஆனால் அந்தப் பத்து வரியையும் படிக்க வேண்டியதில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தால் போதும். பைத்தானில் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். என்ன வகை எரர், ஏன் வந்தது என்பது அங்கே இருக்கும். அதற்குச் சற்று மேலே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். ஜாவாவில் எரரின் பெயர் மேலே வரும். அங்கிருந்து கீழே இறங்கி, நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் வரும் முதல் வரியைத் தேட வேண்டும். சி மொழியில் கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) இருபது எரர் காட்டினாலும் முதல் எரரை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி கம்பைல் செய்து பாருங்கள். ஒரு அரைப்புள்ளி விடுபட்டதால் வந்த மற்ற எரர்கள் அதோடு மறைந்துவிடுவது உண்டு.

“அந்த வரியில் தப்பே இல்லையே” என்ற குழப்பமும் அடிக்கடி வரும். முந்தைய வரியில் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தால் பழைய பைத்தான் அடுத்த வரியைக் கை காட்டிவிட்டு, இலக்கணப் பிழை என்று மட்டும் சொல்லும். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்துதான், எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அதுவே சொல்கிறது. ஆகவே காட்டிய வரி சரியாக இருந்தால் ஒரு வரி மேலே பாருங்கள்.

படித்தும் புரியவில்லையா, பரவாயில்லை. செய்தியை ஒரு எழுத்து மாறாமல் காப்பி எடுத்து கேள்வியோடு கொடுங்கள். ‘ஏதோ டைப் எரர்னு வருது’ என்ற அளவில் சொன்னால் அதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நிரலைக் காட்டும் விதம்

திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்பினால், உதவுகிறவர் அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியாது. எரரைத் தேடிப் பார்க்கக்கூட ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். பார்வையற்ற புரோகிராமர்கள் திரை வாசிப்பான் மூலம்தான் படிக்கிறார்கள். அவர்களுக்குப் படமாக வந்த நிரலால் பயனில்லை. எழுத்தாகவே அனுப்புங்கள். பைத்தானில் உள்தள்ளல் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) மாறினால் அர்த்தமே மாறிவிடும், அதனால் இடைவெளிகள் அப்படியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, நிரலைப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் ஒரு விபரீதம் உண்டு. உண்மையான பிழை மதிப்பை வைத்திருக்கும் ஒரு வேரியபிளின் பெயரில் மாறிப்போன ஒரே ஒரு எழுத்தாக இருக்கலாம். திரும்பத் தட்டும்போது உங்கள் விரல் அதைத் தன்னையறியாமல் திருத்திவிடும். உதவுகிறவர் ஓட்டிப் பார்ப்பார், நன்றாக ஓடும். “எனக்கு ஒழுங்கா வருதே” என்பார். இருவருக்கும் தலைசுற்றும்.

முந்நூறு வரியையும் அப்படியே கொட்டுவதும் தவறுதான். கோப்பை நகல் எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத பாதியை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிழை இன்னும் வருகிறதா? மீதியிலும் பாதியை நீக்குங்கள். போய்விட்டதா? அப்படியானால் நீக்கிய பகுதியில்தான் ஏதோ இருக்கிறது, திரும்பச் சேருங்கள். இப்படியே போனால் ஐந்தாறு வெட்டில் முந்நூறு வரி பத்து வரிக்கு வந்துவிடும். நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக வெட்ட வராது, ஆனாலும் முயற்சி வீண்போகாது. மூன்றாவது வெட்டிலேயே ‘அட, இதுவா’ என்று தானே பிடித்துவிடுகிறவர்கள் ஏராளம். மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதற்கு வரி வரியாக நிரலை விளக்கும் பழக்கம் புரோகிராமர்களிடம் உண்டு. அதுவும் இதே காரணத்துக்காகத்தான்.

பதிப்பு எண்ணையும் சொல்ல மறக்காதீர்கள். மேலே பார்த்த மதிப்பெண் நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தான் 2-இல் இன்புட் ஃபங்ஷன் தட்டியதைக் கணக்கிட்டு எண்ணாகவே கொடுத்துவிடும். அதே நிரல் அங்கே 75 என்று சரியாகக் காட்டியிருக்கும். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றுவிட்டது. ஆனால் அதற்காக எழுதிய பாடங்கள் இன்னும் கிடைக்கின்றன. பழைய பாடத்தைப் பார்த்துப் புதிய பதிப்பில் எழுதி, “அப்படியேதான் எழுதினேன், எனக்கு மட்டும் வரவில்லை” என்று தன் திறமையைச் சந்தேகிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தவறு அவர்களுடையதே இல்லை.

கீபோர்டை ஒப்படைத்துவிடுவது

பக்கத்தில் உட்கார்ந்து உதவி வாங்கும்போது நடப்பது இது. தெரிந்தவர், “தள்ளு, நான் பார்க்கிறேன்” என்று கீபோர்டை வாங்கிக்கொள்வார். விரல்கள் பறக்கும், இரண்டு நிமிடத்தில் நிரல் ஓடும். “புரிஞ்சுதா?” என்பார். நாமும் தலையாட்டிவிடுவோம். அடுத்த நாள் அதே மாதிரி ஒரு பிழை வந்தால் மறுபடி அவரைத்தான் தேட வேண்டும்.

இருவர் சேர்ந்து நிரல் எழுதும் முறையில் ஒருவர் தட்டுவார், மற்றவர் பார்த்து வழி சொல்வார். கற்றுக்கொள்கிறவர் தட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். “நானே தட்டுகிறேன், நீங்கள் சொல்லுங்கள்” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல ஆசிரியர் சந்தோஷப்படுவார். புரியாத இடத்தில் தலையாட்டாமல் “இந்த வரி எதற்கு?” என்று நிறுத்திக் கேளுங்கள். பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், முதலில் எங்கே பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். திருத்தம் இந்த ஒரு நிரலுக்குத்தான், தேடிய வழியோ அடுத்த நிரலுக்கும் உதவும். பிறகு திருத்திய பகுதியை மூடிவைத்துவிட்டு, வெறும் கோப்பில் நீங்களாகவே மறுபடி எழுதிப் பாருங்கள். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே இன்னும் புரியவில்லை.

ஏஐ-யிடம் கேட்கும்போது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு முதல் கேள்வியை அங்கே கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். தயங்காமல் கேட்கலாம், எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. புதியவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் மேலே சொன்ன தவறுகள் எல்லாம் இங்கேயும் பொருந்தும். நாலு இலக்க எண்ணைப் பிரிக்கக் கேட்டால் அழகாகப் பிரித்துக் கொடுக்கும். அனுபவமுள்ள மனிதர் என்றால், “எதுக்கு இது?” என்று ஒரு வார்த்தை கேட்க வாய்ப்பு உண்டு.

இல்லாத லைப்ரரியின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரையும் சில சமயம் அது உறுதியாகச் சொல்லும். அந்தப் பெயரில் வேறு யாராவது கெட்ட எண்ணத்தோடு ஒரு தொகுப்பைப் போட்டு வைத்திருக்கவும் கூடும். முன்பின் கேள்விப்படாத எதையும் நிறுவும் முன் அதன் அதிகாரபூர்வ ஆவணத்தைத் தேடிப் பாருங்கள். முழு நிரலையும் எழுதித் தரச் சொல்லாமல், “திருத்திக் கொடுக்க வேண்டாம், எந்த வரியில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்” என்று கேட்டால் கற்பது உங்கள் கையிலேயே இருக்கும்.

இன்னும் சில

எரர் வந்த அடுத்த நொடியே கேட்பதும் சரியில்லை, கூச்சப்பட்டு நாள்கணக்கில் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருப்பதும் சரியில்லை. என் கணக்கு இதுதான்: செய்ததையே திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் கேட்கும் நேரம் வந்துவிட்டது. பல பேரிடம் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒருவர் தீர்த்துவைத்த பிறகும் இன்னொருவர் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று உதவியவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. வீட்டுப்பாடம் என்றால் வீட்டுப்பாடம் என்றே சொல்லுங்கள். அதற்கேற்ப, விடையைச் சொல்லாமல் வழியைக் காட்டுவார்கள்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி (வெளிச் சேவையை நிரல் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு) போன்றவை நிரலுக்குள் இருந்தால் அனுப்பும் முன் எடுத்துவிடுங்கள். தெரியாமல் பொதுவில் போய்விட்டது, அடுத்த கமிட்டில் (மாற்றத்தைப் பதிவு செய்யும்போது) நீக்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட்டின் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்தச் சாவியை முதலில் ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், நிரலின் பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.