முடக்க காலத்தில் வன்னித் தோட்டங்களிலிருந்து நேரே வாங்கும் முறை

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை கோவிட் தொற்றால் இலங்கை முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, வன்னியில் காலபோக நெல் அறுவடை ஏறக்குறைய முடிந்திருந்தது. நெல்லைக் காயவைத்து மூடையாக அடுக்கிவிடலாம். ஆனால் விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற இடங்களில் விளையும் மரக்கறியும் பழமும் தம்புள்ளைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ லொறி ஏறினால்தான் பணமாகும். மீண்டும் ஒரு தொற்றுநோய் வந்து லொறிகள் நின்றால், அவற்றை அயலிலேயே விற்றுத் தீர்க்கும் ஏற்பாட்டைப் பின்வருமாறு செய்யலாம்.

முதலில் ஓர் ஒழுங்கையில் உள்ள பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து, ஒருவரைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டுக்கு எது எத்தனை கிலோ வேண்டும் என்பதை அவர் தொலைபேசியில் கேட்டுக் கூட்டி, பிடுங்குவதற்கு முதல்நாள் மாலைக்குள் தோட்டக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். பிடுங்கிய கீரையைச் செடியில் திருப்பி ஒட்ட முடியாது என்பதால், முழு ஏற்பாடும் இந்த ஒரு அழைப்பில்தான் தங்கியிருக்கிறது. கொண்டுவரும் வாகனத்துக்கான அனுமதி பற்றிக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

எதை முதலில் வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். கீரை அன்றே வாடும். வெண்டியும் பயிற்றங்காயும் ஓரிரு நாளில் முற்றிவிடும். பழுக்கத் தொடங்கிய பப்பாசியும் காத்திருக்காது. பூசணியோ காம்போடு காற்றோட்டமான நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ஆகவே அதைக் கடைசியாக வாங்கலாம். மிஞ்சும் கத்தரியையும் மிளகாயையும் வன்னி வெயிலில் வற்றலாக்கலாம்.

விலையைத் தோட்டக்காரரே சொல்லட்டும். முடக்கத்துக்கு முந்திய வாரத்துச் சந்தை விலையை அடிப்படையாக வைத்துப் பேசினால் இரு பக்கத்துக்கும் குறைவராது. சந்தைகளில் கழிவு என்ற பெயரில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. நெருக்கடியைச் சாட்டாக வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்பவர் உதவி செய்வதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். பணத்தை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும்; கூலியாட்களுக்கும் நீரிறைக்கும் எரிபொருளுக்கும் அவர் கையிலிருந்துதான் கொடுக்கிறார்.

பொருட்களைத் தோட்டத்திலேயே தராசில் நிறுத்து, வீட்டுக்கொரு பையாகக் கட்டி, பெயர் எழுதிக் கொண்டுவந்தால் கூட்டம் சேராது. பையைப் படலையடியில் வைத்துவிட்டு, பணத்தை வங்கிக் கணக்குக்கோ உறையிலோ கொடுக்கலாம். உணவின் மூலம் கோவிட் தொற்றியதற்குச் சான்று இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே கூறியிருந்தது. ஆனால் வாந்திபேதி போன்றவை உணவாலும் நீராலும் பரவும் என்பதால், எந்த நோய் என்பதைப் பார்த்தே முன்னெச்சரிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். தோட்டக்காரரின் வீடே தனிமைப்படுத்தப்பட்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதியோடு அயலவர் பிடுங்கிக் கொடுக்கலாம்.

நிவாரணப் பொதிகள் விடயத்தில் நாம் இன்னும் தெளிவாக நடந்துகொள்ள வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணத்தில் இறக்குமதியான மைசூர்ப் பருப்பும் கோதுமை மாவும் வாங்கிப் பொதி கட்டும் அதே வேளையில், பக்கத்து ஊரில் உழுந்தும் பயறும் கச்சானும் விலைபோகாமல் கிடந்தால், அந்தப் பணம் ஊரைத் தாண்டிப் போய்விட்டது என்றே பொருள். பணம் அனுப்புவோரிடம் இதைச் சொல்லி, உள்ளூர் ஆலையில் குற்றிய அரிசியும் உள்ளூர்த் தானியமும் பொதியில் பெரும்பங்கு இருக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். கொள்முதலைக் கமக்காரர் அமைப்பு அல்லது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் வழியாகச் செய்தால் கணக்கும் சுத்தமாக இருக்கும். நெல் விற்க நினைப்பவருக்கு ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாமல் காயவைக்கும்படி நினைவூட்டுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் அளவு அதுதான்.

முடக்கம் நீண்டு அடுத்த பயிர்க்காலமான சிறுபோகம் நெருங்கினால், வாங்கும் வீடுகள் ஒரு மாதத்துப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கலாம். விதையும் உரமும் வாங்கும் நேரத்தில்தான் தோட்டக்காரரின் கை வெறுமையாக இருக்கும்.